மகளின் சிகிச்சை விவரம் தரகர் வாயில்: யாரிடம் புகார் செய்வது?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. கல்லூரி முடித்த சமயத்தில் மனச்சோர்வு வந்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழெட்டு மாதம் மருந்து சாப்பிட்டாள். டாக்டரே நிறுத்தச் சொல்லி நாலு வருடம் ஆகிறது. இப்போது நன்றாக வேலைக்குப் போகிறாள். வரன் பார்க்க ஒரு தரகரிடம் ஜாதகம், போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் கொடுத்தோம், பணமும் கொடுத்தோம். பேச்சு முடியப்போகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார், "உங்க பிள்ளை அந்த ஆஸ்பத்திரியில பார்த்ததாமே" என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். தரகர், அங்கே வேலை பார்க்கும் தெரிந்தவர் மூலம் விசாரித்துச் சொன்னாராம். இப்போது சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கலாமா? 20,000 ரூபாய் தந்தால் எல்லாவற்றையும் அழித்து, அவதூறு வழக்கும் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நாங்கள் முன்பே சொல்லாமல் விட்டது தப்பா?
— ஒரு தாய், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: முதலில் ஒரு காரியம். உங்கள் கடிதத்தில் மகளின் பெயர், படித்த கல்லூரி, மருத்துவமனை, டாக்டர், மாத்திரையின் பெயர் வரைக்கும் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் மேலே போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது மகளுக்குத் தெரியுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணத்தோடுதான் கேட்கிறேன். சிகிச்சை அவளுடையது, அதைப் பற்றிய பேச்சும் அவளுடையது. புகாரில் கையெழுத்துப் போடவேண்டியவளும் அவள்தான். அவள் வேண்டாம் என்று சொன்னால் இந்த விஷயம் அங்கேயே நிற்கவேண்டும்.

சரி, உங்கள் பெரிய கவலைக்கு வருகிறேன். சொல்லாமல் விட்டது தப்பா? தரகரிடம் சொல்லாதது ஒரு தப்பும் இல்லை. ஜாதகம் கொடுக்கும்போதே மருத்துவச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இந்துத் திருமணச் சட்டம் 1955, 12ஆம் பிரிவில், முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம் என்று இருக்கிறது. மோசடி தெரிந்து ஒரு வருடத்துக்குள் கேட்கவேண்டும். இதை வைத்துத்தான் ஊரில் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு மனநலத்தைப் பற்றிப் பேசும்போது, சம்மதம் தரவே முடியாத மனநிலை, திருமணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் தகுதி இல்லாத அளவுக்கு இருக்கும் கோளாறு, திரும்பத் திரும்ப வரும் புத்திபேதலிப்பு, இவற்றைத்தான் சொல்கிறது. சில மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமாகி, நாலு வருடமாக வேலைக்குப் போய்வரும் பிள்ளைக்கு இதில் எதுவும் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனாலும் என் யோசனை வேறு. அடுத்த வரன் கூடிவரும்போது, நிச்சயத்துக்கு முன், மகள் விரும்பினால், அவளே மாப்பிள்ளைப் பையனிடம் நேரில் சொல்லட்டும். தாய்மாமனிடமோ, மைனியிடமோ, அவர்கள் வீட்டுப் பெரியவரிடமோ நீங்கள் போய் முந்திக்கொள்ள வேண்டாம். கட்டிக்கொள்ளப் போகிறவன் ஒருவன். அவன் ஒருவனுக்குத் தெரிந்தால் போதும்.

இனி, சொன்னவர்கள் மேல் என்ன செய்யலாம் என்பது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23ஆம் பிரிவு, சிகிச்சை பெற்றவரின் விவரம் ரகசியமாக இருக்கவேண்டும் என்கிறது. இதை மீறினால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டாக்டருக்குத் தனியாக 2002ஆம் வருட மருத்துவ நெறிமுறை விதிகள் உண்டு. உங்கள் விஷயத்தில் டாக்டர் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. டோக்கன் போடுகிற இடம், ஃபைல் எடுத்து வைக்கிறவர், பக்கத்து மெடிக்கல் கடை, இந்த மூன்று இடத்தில்தான் பொதுவாகக் கசியும். யார் எந்த ஆஸ்பத்திரி வாசலில் நின்றார் என்ற செய்தி, பஸ் சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் ஊருக்குப் போய்விடுகிற வட்டாரம் இது. அதற்காக மருத்துவமனை தப்பித்துக்கொள்ள முடியாது. ஊழியர் செய்ததற்கு நிர்வாகம்தான் பதில் சொல்லவேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை நின்று சொல்லியாகவேண்டும். தரகர்களுக்குச் சட்டம் ஒன்று தெரியும், ஒரே ஒன்று. "கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பார்கள். பாதி உண்மை. நாகாலாந்து அரசுப் பணியில் இருந்த ஒரு மருத்துவர், சென்னையில் ஒரு நோயாளிக்காக ரத்தம் கொடுத்தபோது எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. விவரம் வெளியே போய் அவருடைய கல்யாணம் நின்றது. அவர் மருத்துவமனை மேல் வழக்குப் போட்டார். 1998இல் உச்ச நீதிமன்றம், மணப்பெண்ணின் உயிரும் ஆரோக்கியமும் பெரிது, ஆகவே சொன்னது தவறில்லை என்று சொன்னது. அவ்வளவுதான் தரகருக்குத் தெரியும். அந்தத் தீர்ப்பில் திருமண உரிமை பற்றிச் சொன்னதெல்லாம் தேவையில்லாதது என்று 2002இல் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னது தெரியாது. 2017இல் எச்.ஐ.வி.க்கென்றே தனிச் சட்டம் வந்தது தெரியாது. அந்தச் சட்டப்படி மருத்துவரோ ஆலோசகரோ மட்டும்தான் துணைவரிடம் சொல்லலாம். அதுவும் துணைவருக்குத் தொற்றும் ஆபத்து இருக்கவேண்டும். நோயாளியையே சொல்லச் சொல்லிப் பார்த்து, அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்து, நான் சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரிவித்த பிறகு, நேரில், ஆலோசனையோடு சொல்லவேண்டும். இத்தனை வாசல் தாண்டித்தான் அந்த அனுமதி. இதில் தரகர் எங்கே வருகிறார்? ஃபைல் எடுக்கிறவர் எங்கே வருகிறார்? மனச்சோர்வு யாருக்கும் தொற்றுவதும் இல்லை. அந்தத் தீர்ப்பை உங்கள் வீட்டுத் திண்ணையில் யாராவது எடுத்து விரித்தால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆள் எழுந்து போய்விடுவார்.

அடுத்தது அந்த 20,000 ரூபாய்க்காரர். எனக்கு ஆத்திரம் வருவது இந்த ஆட்கள் மேல்தான். கோர்ட் வாசல், எஸ்.பி. ஆபீஸ் வாசல், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம், எங்கே போனாலும் இப்படி ஒருவர் நிற்கிறார். அவர் எதையும் அழிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினவர் தன் செய்தியை எல்லாருக்குமாக அழிக்க இரண்டு நாளுக்குச் சற்று மேல்தான் அவகாசம். குரூப் அட்மினால் யார் போட்டதையும் அந்தக் குரூப்பிலிருந்து நீக்க முடியும். உங்கள் சொந்தக்காரர் குரூப்தானே, அட்மினை நீங்களே கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள், காசு வேண்டாம். அதற்கு முன்னால் போட்டவரின் எண், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செய்தி வந்த போனையும் மாற்றாமல் வைத்திருங்கள், நீதிமன்றத்தில் அது வேண்டியிருக்கும். அட்மின் மேலேயே வழக்குப் போடலாம் என்று யாராவது ஏற்றிவிட்டால் கேட்காதீர்கள். வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இலேயே சொல்லியிருக்கிறது.

அவதூறு வழக்கைப் போலீசில் போட்டுத் தருகிறேன் என்பதும் சுத்தப் பொய். பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தின் 356ஆம் பிரிவில் வரும் அவதூறுக்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்கவேண்டும். அங்கே உங்கள் மகள் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்லவேண்டிவரும். இதைச் சொல்லாமல் பணம் வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் அடுத்துக் கேட்பது "ஆதாரத்துக்கு" மருத்துவச் சீட்டும் ஆதார் அட்டையும்தான். தரகர் கையில் இல்லாத காகிதமும் இவர் கைக்குப் போய்விடும். பிறகு இவருக்கு மாதாமாதம் கொடுக்கவேண்டிவரும். தரகரோ இவரோ, காசு தராவிட்டால் ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அது மிரட்டிப் பணம் பறிப்பது, அதே சட்டத்தின் 308ஆம் பிரிவு. அதற்குப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும், உடனே போங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு? வேண்டாம் அம்மா. மனு எழுதுகிறவர் ஒரு தடவை படிப்பார், வரிசையில் பின்னால் நிற்கிறவர் எட்டிப் பார்ப்பார். மனு பல கை மாறி உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு வரும். பிறகு விசாரணை என்று ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, டீக்கடையில் உங்கள் வீடு எது என்று விஷயத்தோடு சேர்த்துக் கேட்பார். ரகசியம் போனதற்கான புகாரே ரகசியத்தைத் தெருவுக்குத் தெருவு கொண்டுபோகிற ஏற்பாடு இது. மூடிய கவரில் வாங்கவேண்டும் என்று இத்தனை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. அதிலும் முக்கியமான கடமைகளுக்கு அன்றிலிருந்து பதினெட்டு மாதத் தவணை. கோடிக்கணக்கில் அபராதம் என்று பேசுகிறார்களே, அது அரசுக் கஜானாவுக்குத்தான் போகும், உங்கள் மகளுக்கு அதில் ஒரு காசு கிடையாது.

நான் சொல்லும் வழி சின்னது, அதிகம் பேர் பேசுவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2ஆம் பிரிவில் முறையற்ற வணிக நடவடிக்கை எவையெவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டம் அனுமதிக்காத விதத்தில் இன்னொருவருக்குச் சொல்வதும் அதில் ஒன்று. பணம் வாங்கிய மருத்துவமனை, பணம் வாங்கிய தரகர், இரண்டு பேரையும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பாக்கலாம். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. ஆணையத்தின் தீர்ப்புகள் இணையத்தில் ஏறும், ஆகவே மகளின் பெயருக்குப் பதில் ஓரெழுத்து மட்டும் போடும்படி முதல் நாளே ஒரு மனுவும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், தீர்ப்பு ஏறிய பின் இறக்குவது பெரும்பாடு.

ஆதார் ஜெராக்ஸைத் தரகரிடமிருந்து திரும்ப வாங்குங்கள், ஆனால் நகலுக்கு நகல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி யாருக்கும் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுத்தால் போதும். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் ஓர் அலுவலகம் "கண்டபடி நகல் கொடுக்காதீர்கள்" என்று அறிவித்தது. தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று இரண்டே நாளில் அந்த அறிவிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நல்ல புத்தி சொன்னதற்கும் இங்கே ஆயுள் இரண்டு நாள்தான். ஜாதகத்திலும் பிறந்த தேதி, நேரம், ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் இருக்கிறது. முதல் சுற்றுக்கு நட்சத்திரம், ராசிக் கட்டம், படிப்பு போதும், மற்றது பேச்சு நெருங்கும்போது கொடுக்கலாம். தரகர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இப்போது உடனே செய்யவேண்டியது ஒன்றுதான். மகள் சம்மதித்தால், அவள் கையெழுத்தில் மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவருக்கு ஒரு கடிதம். 'நான் உங்களிடம் சிகிச்சை பெற்றவள். என் விவரம் வெளியாளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. என் பதிவை யார் யார் பார்த்தார்கள், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்.' இவ்வளவு போதும். நோயின் பெயர், மாத்திரையின் பெயர் ஒன்றும் அதில் வேண்டாம், அவர்களுக்குத் தெரியும். ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அதே மனநலச் சட்டப்படி, இப்படிப்பட்ட புகாரைக் கேட்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு விஷயம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. கடிதத்தை டைப் அடிக்க ஜெராக்ஸ் கடைக்கெல்லாம் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து கையாலேயே எழுதினால் போதும், நகலுக்கு போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.