ஆட்டோஇம்யூன் நோயோடு நரம்பு எரிச்சலும் இருந்தால் என்ன சத்து மாத்திரை, நாட்டு மருந்து எடுக்கலாம்?

எனக்கு இருப்பது ஷோக்ரன் நோய், எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களில் ஒன்று. கண்ணும் வாயும் வறண்டு போகும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அது நரம்பையும் தொடும் என்பது கால் எரிய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. இரவில் படுத்தால் உள்ளங்கால் திகுதிகுவென்று எரியும், போர்வை உரசினாலே தாங்காது. நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் நார்மல் என்று வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, என்னைத் தவிர. அந்த டெஸ்ட் பருமனான நரம்பு இழைகளைத்தான் அளக்கும். எரிச்சலுக்குக் காரணமான நுண் இழைகள் அதில் சிக்காது. தோலில் சின்னத் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் மாத்திரை வாங்கும் முன்பே சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். பி12 போட ஆரம்பித்த பிறகு டெஸ்ட் எடுத்தால் அளவு ஏறித்தான் காட்டும், முதலில் குறைவு இருந்ததா என்று தெரியாமலே போகும். சைவக்காரர்களுக்கு பி12 குறைவது தெரிந்த கதை. ஆனால் ஆட்டோஇம்யூன் தைராய்டு நோய் உள்ளவர்களுக்கு, பி12ஐ உடம்பு உறிஞ்ச விடாத இன்னொரு ஆட்டோஇம்யூன் வயிற்றுக் கோளாறும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். அது இருந்தால் பாலும் முட்டையும் சாப்பிட்டுச் சரிக்கட்ட முடியாது, ஊசியோ அதிக அளவு மாத்திரையோ வேண்டும்.

மருந்துக் கடையில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டால் பெரும்பாலும் மெத்தில்கோபாலமினோடு (பி12இன் ஒரு வடிவம்) ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட், ஃபோலிக் ஆசிட், பி6 எல்லாம் கலந்த அட்டை ஒன்றைத் தருவார்கள். அட்டையைத் திருப்பி பைரிடாக்சின் எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் பி6. 3 மில்லிகிராம் என்றால் பயமில்லை. அதோடு பி காம்ப்ளெக்ஸ், அமெரிக்காவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த மல்டிவைட்டமின் என்று சேர்ந்துகொண்டே போனால்தான் வம்பு. பி6 அதிகமாகி மாதக்கணக்கில் உள்ளே போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அறிகுறியும் அதே எரிச்சல், அதே மரத்துப் போதல். நோய் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் ஒரு மாத்திரை கூட்டத்தான் தோன்றும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் பெரியவர்களுக்கான உச்ச அளவை ஒரு நாளுக்கு 12 மில்லிகிராம் என்று குறைத்துவிட்டது.

ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்தவை. எனக்கு அதில் ஒரு மாற்றமும் தெரியவில்லை, விட்டுவிட்டேன். தூக்கம் கொடுத்தது டாக்டர் எழுதிய, நரம்பு வலிக்கான கபாபென்டின் மாத்திரைதான்.

அப்புறம் நாட்டு மருந்து. 'எதிர்ப்புச் சக்தி கூடும்' என்று எழுதியிருக்கும் எதையும் நான் வாங்குவதில்லை. நம் நோயே எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே அடிப்பதுதான், அதற்குத் தீனி வேறு போடுவானேன்? கொரோனா காலத்தில் ஊரே சீந்தில் கஷாயம் குடித்தது. 2021ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆட்டோஇம்யூன் கல்லீரல் அழற்சியின் சாயல் அதில் தெரிந்தது. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொல்வது சரியோ, நம்மைப் போன்றவர்கள் அதைத் தொட வேண்டிய அவசியமில்லை. அமுக்கராவும் (அஸ்வகந்தா) அப்படித்தான், தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடக்கூடும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்து போடுபவர்கள் மஞ்சள் சத்தான குர்குமின் கேப்ஸ்யூலையும் டாக்டரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்து உறிஞ்சுதலைக் கூட்டிய கேப்ஸ்யூல் வேறு. கல்லீரல் ஏற்கெனவே ஒரு மருந்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. யார் செய்தது என்றே தெரியாத பஸ்பம், செந்தூரம் வேண்டவே வேண்டாம். அவற்றில் இருக்கக்கூடிய ஈயம், பாதரசம், ஆர்சனிக் மூன்றுமே நரம்பைத் தின்பவை.

மேலே பூசுவதில் எனக்கு ஓரளவு கைகொடுத்தது மிளகாயின் காரச்சத்தான கேப்சைசின் கிரீம். முதல் சில நாள் எரிச்சல் கூடத்தான் செய்யும், அதைத் தாண்டினால் கொஞ்சம் அடங்கும். புண், வெடிப்பு உள்ள இடத்தில் பூசக் கூடாது. வறண்ட கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுபவர்கள் அதை முதலில் போட்டுவிட்டு அப்புறம் கிரீமைத் தொடுங்கள். சோப்பு போட்டுக் கழுவினாலும் விரலில் காரம் ஒட்டிக்கொண்டே இருக்கும்.