கொடைக்கானலில் வாங்கிய கிட்டார் பிளைவுட்டாம்; பணம் திரும்புமா?

கேள்வி: பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும் மகனுக்காக, இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்துக் கொடைக்கானலில் ஒரு கடைக்குப் போய் 34,000 ரூபாய்க்குக் கிட்டார் வாங்கினேன். "கொடைக்கானலிலேயே கையால் செய்தது, சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்" (அதாவது, அடுக்கடுக்காக ஒட்டாத ஸ்ப்ரூஸ் மரத்தாலான மேல்பலகை) என்று விளம்பரத்தில் இருந்தது; வாட்ஸ்அப்பிலும் அப்படியே எழுதினார்கள். 10,000 ரூபாயை ஜிபேயில் முன்பணமாக அனுப்பினேன், மீதி ரொக்கம். பில்லில் "கிட்டார் 1, ரூ.24,000. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று மட்டும் இருக்கிறது. நான்காவது மாதம், கம்பிகளை மேல்பலகையில் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிட்டது. மதுரையில் கிட்டார் ரிப்பேர் செய்பவர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டாப் வெறும் பிளைவுட், உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளுக்கு அடியில் சீனத் தொழிற்சாலையின் லேபிள் இருக்கிறது என்கிறார். கடைக்காரரோ, "மலை ஈரத்துக்கு எந்தக் கிட்டாரும் தூக்கும். பாலிஷ் எல்லாம் கையால்தான் போட்டோம்" என்கிறார். போலீசுக்குப் போவதா, நுகர்வோர் கோர்ட்டுக்கா?

பதில்: நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். போலீஸ் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: கிட்டாரை இப்போது இருக்கும் நிலையிலேயே வைத்திருங்கள். பிரிட்ஜைத் திரும்ப ஒட்டச் சொல்லாதீர்கள், மேல் லேபிளை மேலும் உரிக்காதீர்கள். பெயர்ந்த பிரிட்ஜைத் தனிக் கவரில் போட்டு கிட்டார் பெட்டியிலேயே வையுங்கள்.

"கையால் செய்தது" என்பதை வழக்கின் முதுகெலும்பாக்க வேண்டாம். எவ்வளவு கைவேலை இருந்தால் ஒரு கிட்டார் கையால் செய்தது ஆகும் என்று நம் சட்டம் எதிலும் வரையறை கிடையாது. பெரிய தொழிற்சாலையிலும் நெக் பொருத்துவது, ஃப்ரெட் தேய்ப்பது, பாலிஷ் போடுவது எல்லாம் ஆள் கைதான். "நாங்களும் கையால்தான் முடித்தோம்" என்று கடைக்காரர் சொன்னால் அதை உடைக்க நீங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கோடை சீசனில் மலைக்கடைகளில் தொங்கும் "வீட்டிலேயே செய்த சாக்லேட்" போர்டுக்கும் இதே கதைதான். உங்களிடம் அதைவிட உறுதியான இரண்டு வாசகங்கள் இருக்கின்றன: "கொடைக்கானலிலேயே செய்தது", "சாலிட் ஸ்ப்ரூஸ் டாப்". இரண்டும் உண்மையா பொய்யா என்று சோதித்துச் சொல்லிவிடலாம். புகார் மனுவின் முதல் பத்தியிலேயே இவை இரண்டும் வரட்டும். கைவேலை பற்றிய வாக்குறுதி மூன்றாவதாக, துணைக்கு வந்தால் போதும்.

டாப்பைச் சோதிக்க ஒலித்துளையின் விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே பலகை என்றால் மேலே தெரியும் மரக்கோடுகள் விளிம்பின் கனத்திலும் தொடர்ந்து இறங்கும். பிளைவுட் என்றால் மெல்லிய அடுக்குகள் தெரியும், நடு அடுக்கின் ரேகை குறுக்கே ஓடும். விளிம்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அடுக்கை மறைக்க என்று சந்தேகிக்கலாம். துளையைச் சுற்றியுள்ள அலங்கார வளையத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது மரம் பதித்த வேலை இல்லை, ஒட்டிய படம்.

கடைக்காரரின் ஈர வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாலிட் டாப் ஈரத்தில் ரேகைக்குக் குறுக்கே உப்பும், வறட்சியில் சுருங்கும், சில நேரம் வெடிக்கும். அதனால்தான் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொடைக்கானல் வீட்டுக்குள் அது நடக்காத காரியம். பிளைவுட்டிலோ அடுக்குகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் அசைவு குறைவு. உங்கள் கிட்டாரில் பிரிட்ஜ் ஏன் பெயர்ந்தது என்பதற்கு விடை அது இருந்த இடத்திலேயே கிடைக்கலாம். ஒழுங்காகச் செய்த கிட்டாரில் பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் லேக்கரை (பளபளப்புப் பூச்சை) சுரண்டி எடுத்து, வெறும் மரத்தோடு மரம் ஒட்டுவார்கள். மலிவான தயாரிப்பில் முழு டாப்புக்கும் லேக்கர் அடித்துவிட்டு அதன் மேலேயே பசை போட்டு ஒட்டிவிடுவார்கள். கம்பிகளின் இழுவையில் சில மாதத்திலேயே லேக்கரோடு கிளம்பி வரும். அந்த இடம் பளபளவென்று இருந்தால் ஈர வாதம் அங்கேயே விழுந்தது. பகல் வெளிச்சத்தில், அளவுகோல் வைத்து, நேராக ஒன்றும் சாய்வாக ஒன்றுமாகப் படம் எடுங்கள். பிரிட்ஜின் அடிப்பக்கத்தையும் எடுங்கள். ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்: மதுரை, வத்தலக்குண்டு வெயிலில் கிட்டாரைப் பூட்டிய காருக்குள் மணிக்கணக்கில் வைத்ததுண்டா? சூட்டில் பசை இளகும். எதிர்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். வைத்திருந்தால் பிரிட்ஜ் பழுதை மனுவில் அழுத்தாமல், பொய் விவரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்குக்கு அதுவே போதும்.

ரிப்பேர் செய்தவர் வாயால் சொன்னது ஆணையத்தில் செல்லாது. அவர் என்ன பார்த்தார், எந்தத் தேதியில் பார்த்தார், அடி லேபிளில் என்ன எழுத்து என்று கையெழுத்திட்ட சான்றாக வாங்குங்கள். பிறகு அதையே பிரமாணப் பத்திரமாக்கலாம். கடைக்காரர் மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38(2)(சி)யின் கீழ் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பக் கேட்கலாம். மர வகையைக் கண்டறிய பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் பெயரை மனுவிலேயே சொல்லுங்கள். கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்வார்கள். அதையும் இழப்பீட்டில் சேர்த்துக் கேளுங்கள்.

இன்ஸ்டாகிராம் பதிவை இன்றே எடுத்து வையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், பதிவை நோட்டீஸ் போன மறுநாளே அழித்துவிடுவார்கள். பக்கத்தின் பெயர், முகவரி, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், கூடவே பக்கத்தைத் திறந்து கீழே இறக்கிப் பார்க்கும் ஸ்கிரீன் ரெக்கார்டிங். வாட்ஸ்அப் உரையாடலை ஃபார்வர்டு செய்யாமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். இவற்றோடு பாரதிய சாட்சிய அதிநியம் 2023, பிரிவு 63இன்படி மின்னணு ஆதாரங்களுக்கான ஒரு சான்றிதழும் வேண்டும். நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பிடிப்பதில்லை என்றாலும் இருப்பது நல்லது.

பில் சரியில்லையே என்று கவலைப்படாதீர்கள். பில்லில் 24,000, ஜிபேயில் 10,000. இரண்டையும் வாட்ஸ்அப்பில் பேசிய விலையோடு சேர்த்தால் 34,000 நிற்கிறது. பரிவர்த்தனையின் யுடிஆர் எண்ணையும், பணம் யார் பெயருக்குப் போனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடை ஒரு பெயரில், இன்ஸ்டாகிராம் இன்னொரு பெயரில், வங்கிக் கணக்கு மூன்றாமவர் பெயரில் இருப்பது இந்த வியாபாரத்தில் சகஜம். மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிப்பார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரி பொய் சொல்லி விற்றவரைக் காப்பாற்றாது. விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்பது 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 2019 சட்டமும் பொய் விவரிப்பை நேர்மையற்ற வணிக முறை என்கிறது.

முதலில் ஒரு நோட்டீஸ். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் பல வழக்குகள் இங்கேயே முடியும். வாங்கிய தேதி, தொகை, எழுதித் தந்த இரண்டு வாசகங்கள், கண்டுபிடித்தது என்ன, 15 நாளில் 34,000 ரூபாய் திருப்பித் தர வேண்டும் என ஒரே பக்கத்தில் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அவர்கள் கடையோடு பேசுவார்கள், உத்தரவிட முடியாது.

அசையாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் கடை ஊட்டியில் இருந்திருந்தாலும் இதே இடம்தான். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகத் தாக்கல் செய்யலாம். மலையிறங்கி வருவது சிரமம் என்று எழுதி வீடியோ விசாரணையும் கேட்கலாம். காலக்கெடு 2 வருடம். வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னொரு 15 நாள். அதற்கு மேல் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. பொருளைச் சோதிக்கத் தேவையில்லை என்றால் 3 மாதம், தேவை என்றால் 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் பெரும்பாலும் தாண்டும்.

34,000 ரூபாய், அதற்கு 9 சதவீத வட்டி, மதுரை போய்வந்த செலவு, பரிசோதனைச் செலவு, மன உளைச்சலுக்கு 15,000 அல்லது 20,000, வழக்குச் செலவு என்று கேளுங்கள். 5 லட்சம் கேட்டால் உங்கள் மற்ற கணக்கின் மீதும் சந்தேகம் வரும். "பொருள் பொறுப்பு" என்ற தலைப்பில் கேட்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் விட்டுவிடுங்கள். அந்தப் பிரிவு பொருளால் வேறு கேடு நேர்ந்தால்தான், பொருளே கெட்டதற்கு இல்லை. மகன் கல்யாணக் கச்சேரிகளில் கூலிக்கு வாசித்தாலும் சுயதொழில் என்ற விலக்கு உண்டு. மறுவிற்பனைக்கோ வேறு வணிக நோக்கத்துக்கோ வாங்கியிருந்தால்தான் நுகர்வோர் ஆக மாட்டீர்கள்.

வேறொரு கதவும் இருக்கிறது. வெளிநாட்டில் செய்து பெட்டியில் அடைத்து விற்கும் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, செய்த நாடு, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். சீன லேபிளை மறைத்து மேலே வேறு லேபிள் ஒட்டியதைப் படத்தோடு இந்த விதிகளைக் கவனிக்கும் திண்டுக்கல் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். உங்கள் பணம் அங்கே வராது, ஆனால் கடைக்காரர் பேச்சுவார்த்தைக்கு வரும் வேகம் கூடும்.

இனி போலீஸ். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 318(4) மோசடிக்கு 7 வருடம் வரை தண்டனை சொல்கிறது. விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஒரே ஒரு கிட்டார் என்றால் ஸ்டேஷனில் "சிவில் விஷயம்" என்று அனுப்பிவிடுவார்கள். அதே பக்கத்தில் வாங்கி ஏமாந்த வேறு சிலர் கிடைத்தால் சேர்ந்து எழுத்தில் கொடுத்து புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில், பிறகு நீதித்துறை நடுவரிடம். 1930 சைபர் குற்ற உதவி எண் பணம் போன சில மணி நேரத்துக்குள் கணக்கை முடக்கத்தான். உங்கள் விஷயத்தில் பயனில்லை.

நோட்டீஸ் போனதும் "கிட்டாரைக் கொண்டுவாங்க, மாத்தித் தர்றோம்" என்பார்கள். பணமோ எழுத்துமூலமான ஏற்பாடோ கைக்கு வராமல் கிட்டாரைக் கொடுக்காதீர்கள்; அது போனால் வழக்கும் போனது. ஒரு பகுதி மட்டும் தந்தால் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டாம். கூகுள் ரிவியூவில் "திருடன்", "ஃபிராடு" என்று எழுதாதீர்கள், அவதூறு வழக்கு என்று திருப்பி அடிப்பார்கள். எப்போது வாங்கினேன், என்ன சொன்னார்கள், உள்ளே என்ன லேபிள் இருந்தது என்று படத்தோடு எழுதுங்கள்.