முக்கோணத்தின் கோணக்கூடுதல் 180°-க்குக் குறையவே இல்லையே?: கடலூர் நண்பருக்குப் பதில்

O(0,0), A(0.5,0), B(0,0.5) என்ற முக்கோணத்துக்குப் புவான்கரே வட்டில் (ஹைபர்பாலிக் வடிவியலை ஆரம் 1 உள்ள வட்டுக்குள் காட்டும் மாதிரி) 90+45+45 = 180° வருகிறது, ஹைபர்பாலிக், அதாவது எதிர்ம வளைவுள்ள வடிவியல் என்றால் குறைய வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். குறைய வேண்டும். AB-ஐ நேர்நாணாக வரைந்துவிட்டீர்கள், அதுதான் சிக்கல். நேர்நாணே கோடாக அமைவது, அதே வடிவியலை வட்டுக்குள் காட்டும் இன்னொரு மாதிரியான கிளைன் மாதிரியில். அங்கே மையத்தைத் தவிர மற்ற இடங்களில் பாகைமானி காட்டும் கோணம் பொதுவாக உண்மைக் கோணம் அல்ல. புவான்கரே வட்டில் கோணம் சரியாக இருக்கும், கோடுதான் வளையும். O வழியாகப் போவதால் OA, OB மட்டும் நேராகவே நிற்கும்.

AB-க்கான வளைந்த கோடு, வட்டின் எல்லை வட்டத்தைச் செங்குத்தாக வெட்டும் ஒரு வட்டத்தின் வில். (a, b)-ஐ மையமாகக் கொண்ட அந்த வட்டம் x²+y²−2ax−2by+1=0. கடைசி +1-ஐ விட்டுவிட்டால் செங்குத்து போய்விடும். தேர்வில் பலர் வழுக்குவது இங்கேதான். A-ஐப் போட்டால் a=1.25, B-ஐப் போட்டால் b=1.25. ஆரம் √(a²+b²−1)=√2.125≈1.458.

A-இல் தொடுகோட்டின் திசை (−1.25, 0.75), AO-வின் திசை (−1, 0). இடைக்கோணத்தின் டேன் 0.6, அதாவது 30.96°. B-யிலும் அதே. கூடுதல் 151.93°. குறைபாடு (180°-க்கு எவ்வளவு குறைகிறது என்பது) 28.07°, ரேடியனில் 0.49, வளைவு −1 என்றால் பரப்பளவும் அதுவே.

சரிபார்க்க: OA-வின் நீளம் ln 3 (0.5 அல்ல!), அதன் காஷ் (cosh, ஹைபர்பாலிக் கொசைன்) 5/3. ஹைபர்பாலிக் செங்கோண முக்கோண விதிப்படி காஷ் AB = (5/3)² = 25/9. காட் A × காட் B-யும் (காட் = 1/டேன்) 25/9 தருகிறது.

தாளில் வரைய வட்டு ஆரம் 6 செ.மீ. போதும்: A, B 3 செ.மீ. தூரத்தில், வில்லின் மையம் (7.5, 7.5), ஆரம் 8.75 செ.மீ. வட்டை 10 செ.மீ. ஆக்கினால் ஏ4 தாளின் அகலம் பத்தாது.