மட்டக்களப்பில் ஃபேஷன் ஸ்டைலிஸ்ட் வேலை: படத்தில் தெரியாத பக்கம்

கேள்வி: ஃபேஷன் ஸ்டைலிஸ்டாக வேலை செய்வது உண்மையில் எப்படி இருக்கும்? மட்டக்களப்பு, அம்பாறை போன்ற இடங்களில் இதை ஒரு தொழிலாக நம்பி இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் நீங்கள் மனதில் வைத்திருக்கும் வேலை இதுவல்ல. உடுப்புத் தெரிவு செய்வது இந்தத் தொழிலில் சின்னப் பகுதி. மிச்சமெல்லாம் அடுத்தவர் பொருளை இரவல் வாங்கி, ஒருவருக்கு உடுத்திவிட்டு, கறை படாமல், கல் உதிராமல், சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பது. கடைக்காரர் நம்பும் வரைக்கும்தான் நான் ஸ்டைலிஸ்ட். நல்ல ரசனை இருக்கிறது என்பதற்காக யாரும் சாறியைத் தூக்கித் தரமாட்டார்கள்.

கொழும்பில் ஒரு பெரிய விளம்பரப் படப்பிடிப்பு என்றால் ஸ்டைலிஸ்ட், அவருக்கு உதவியாள், மேக்கப், தலைமுடி, தையல் என்று ஆளுக்கொரு வேலை. இங்கே அத்தனையும் பெரும்பாலும் ஒரே ஆளின் தலையில். எனக்கு வருவதில் பாதிக்கு மேல் கல்யாண ப்ரீ ஷூட், அதாவது கல்யாணத்துக்கு முன்னமே சோடியை வைத்து எடுக்கும் படங்கள். மிச்சம் சாமத்திய வீட்டு ஆல்பம், நடன அரங்கேற்றம், பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல் விளம்பரம், காத்தான்குடி, கல்முனைப் புடவைக்கடைகளின் பெருநாள், தீபாவளிப் படங்கள். பத்திரிகை அட்டையைப் பார்த்து ஆசைப்பட்டவருக்கு இது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். பாசிக்குடாவில் ஷூட் என்றால் ஆறு மணிக்கு முன்னமே மணப்பெண் உடுத்தி மணலில் நிற்க வேண்டும். எட்டரைக்கு மேல் வெயில் கடுத்துவிடும், முகம் சுளிக்கும், மேக்கப் கசியும். அதனால் எங்கள் வேலை விடியப்புறம் மூன்று, மூன்றரைக்கே தொடங்கும். சாறி மடிப்புகளை முதல் நாள் இரவே எடுத்து, அயன் பண்ணி, பின் குத்தி, மடித்துக் கொண்டுபோவோம். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரைக்கும் போனபோது, மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்துத்தான் அயன் வேலையே நடந்தது. மாலை வெளிச்சம் கேட்பவர்களைக் கல்லடிப் பக்கம் வாவிக்கரைக்குக் கூட்டிப் போவேன். சூரியன் மேற்கே வாவிக்கு மேலால் இறங்குவது அங்கேதான் வடிவாகக் கிடைக்கும்.

ஆனி, ஆடியில் கச்சான் காற்று. நிலப்பக்கமிருந்து சூடாக அடிக்கும், முந்தானை நில்லாது. போட்டோகிராபருக்குப் பறக்கிற முந்தானை வேண்டும், மாமிமாருக்குப் பறக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நான். மீன்பிடிச் சாமான் கடையில் விற்கும் ஈயக்குண்டு, வலைக்குக் கட்டுவார்களே, அதில் சின்னதாகச் சிலதைத் துணியில் சுற்றி முந்தானையின் உட்பக்கம் நூலால் பிடித்துவிடுவேன். எந்த வகுப்பிலும் சொல்லித்தராத வித்தை. நூலை வெட்டினால் சாறியில் அடையாளமும் இருக்காது.

இரவல் உடுப்பில் இப்படி ஆயிரம் சில்லறை வேலை. சப்பாத்தின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டித்தான் போடக் கொடுப்போம், அடி தேய்ந்தால் கடை திருப்பி எடுக்காது. விலைச்சீட்டை வெட்டுவதில்லை, உள்ளே மடித்து மறைப்பது. தலை வழியே போடும் சட்டை என்றால் முதலில் முகத்தை மெல்லிய துணியால் மூடுவது, இல்லாவிட்டால் கழுத்துப்பட்டி முழுக்க ஃபவுண்டேஷன். அக்குளுக்குப் பஞ்சுப் பட்டை. கடல் உப்பும் வியர்வையும் பட்டால் முலாம் பூசிய நகை கறுக்கும், சரிகையும் மங்கும். அதனால் ஷூட் முடிந்ததும் மற்றவர்கள் இடியப்பம் சாப்பிடப் போகும்போது நான் நகையைத் துடைத்து, கல் எண்ணி, எடுத்துவரும்போது போனில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

படத்தில் அளவெடுத்துத் தைத்தது போல் நிற்கும் கோட்டின் முதுகுப் பக்கத்தை நீங்கள் பார்க்க வேண்டும். காகிதம் பிடிக்கிற கறுப்புக் கிளிப் வரிசையாக நிற்கும். மாப்பிள்ளை திரும்பாத வரைக்கும் எல்லாம் நலம்.

கமராவுக்கும் கண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பழகப் பழகத்தான் பிடிபடும். நெருக்கமான மெல்லிய கோடு போட்ட சேர்ட் வீடியோவில் அலையலையாய் மினுங்கும். வெயிலில் தூய வெள்ளை வெளிறிப்போய் மடிப்பே தெரியாது, சந்தன நிறம் தப்பும். கடும் பச்சைப் பட்டின் நிறம் தாடைக்கு அடியில் ஏறி முகத்தை நோயாளி போல் காட்டும். மருதமுனைக் கைத்தறி எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்திலேயே நெய்யும் துணி, நிறங்களும் அப்படி. ஆனால் புதுச் சாறி கஞ்சியோடு விறைத்து நிற்கும், உடம்பு பெருத்துத் தெரியும். இரவல் சாறியைத் துவைக்கவும் ஏலாது. ஸ்டீமர் பிடித்து மெதுவாகத் தளர்த்த வேண்டும், அதற்கே ஒரு பின்னேரம் போய்விடும்.

இனி ஆட்கள். கொழும்புக்காரர் சொல்லும் "கிளையன்ட்" இங்கே ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம். பெண்ணுக்குப் பிடித்த சட்டையை அம்மா, சின்னம்மா, மாமி எல்லோரும் தொட்டுப் பார்த்த பிறகுதான் முடிவு. "கை முழுக்கத் தெரியுதே மகள், ஊருக்குள்ள என்ன கதைப்பாங்க?" என்று ஒரு மாமி கேட்டால் ஃபேஷன் பாடம் எடுக்க நிற்கக் கூடாது. "ஓம் மாமி, அதே நிறத்தில நெட் கை வச்சுப் பிடிச்சுத் தாறன், பாத்திட்டுச் சொல்லுங்க" என்பேன். பெரும்பாலும் பெண்ணுக்கும் அது பிடித்துவிடும். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் கழுத்தும் கையும் மூடி, அதே நேரம் கல்யாணக் களையும் வர வேண்டும். உள்ளே போடும் துணி வெளித்துணியின் நிறத்தோடு இம்மியும் பிசகக் கூடாது. அம்பாறை நகரில் ஒசரி கேட்பார்கள், சிங்களப் பெண்கள் கண்டிப் பாணியில் கட்டும் சாறி அது. தேவாலயக் கல்யாணத்துக்கு வெள்ளை. இத்தனை விதமான உடுப்பை ஒரே வட்டாரத்தில் பழகக் கிடைப்பது எங்களுக்கு வாய்த்த பாக்கியம் என்றுதான் சொல்வேன்.

காசுக் கதை. கூலி வேறு, செலவு வேறு என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வான் வாடகை, நகை வாடகை, கடைக்கு வைக்கும் முற்பணம் எதுவும் உங்கள் கூலிக்குள் வரக் கூடாது. பாதிப் பணம் கைக்கு வராமல் கடைப்படி ஏறாதீர்கள். "இன்ஸ்டாகிராமில டேக் பண்ணி விடுறம் அக்கா" என்று சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது. புதிதாக வருபவர் ஒன்றிரண்டுக்குச் சம்மதிக்கலாம், படம் சேர்க்க உதவும். அதற்கு மேல் வேண்டாம், டேக்கை வைத்து மின்சாரப் பில் கட்ட ஏலாது.

படிப்பு? மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஃபேஷன் டிசைன் பட்டம் படிக்கலாம், ஆனால் அது உடுப்பை உருவாக்கும் படிப்பு, ஸ்டைலிங் வேறு. என்னைக் கேட்டால் முதலில் தையல். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற இடங்களில் ஒரு வகுப்பு முடித்துவிட்டு, ஊரில் நன்றாகச் சாறி கட்டிவிடும் அக்கா ஒருவரோடு ஒரு கல்யாண சீசன் முழுக்கப் பின் டப்பா தூக்குங்கள். ஆண்களும் வரலாம். மாப்பிள்ளைப் பக்கத்துக்கு ஆள் தட்டுப்பாடுதான், வேட்டி நிற்கக் கட்டத் தெரிந்தவரையே தேட வேண்டியிருக்கிறது.

கையில் தையல் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்த்திகை பிறந்தால் இங்கே மழை, வாவி நிறைந்து வீதிக்கு வரும், வெளி ஷூட் நின்றுவிடும். மார்கழியில் கல்யாணமும் இல்லை. அந்த இரண்டு மாதமும் நான் பிளவுஸ் தைத்துத்தான் ஓட்டுகிறேன். தை மாதக் கல்யாணத்துக்கு ஓடர் கொடுப்பவர்கள் வந்து கதவைத் தட்டுவதும் அப்போதுதான்.