சித்தூர் தாலுகா மரக் கேள்விகள்: நட்டாச்சு, கோடையை எப்படித் தாண்டுவது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நம் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, முதலமடை, எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வரைக்கும் இருந்து வந்த கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். நான் நாற்றுப்பண்ணை நடத்துகிறவன், கன்று விற்கிற ஆள் பேசுகிறான் என்பதை நினைவில் வைத்தே படியுங்கள்.

வேலந்தாவளம், இளைஞர் மன்றம்: அண்ணா, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்துக்கு நூறு கன்று நடலாம்னு இருக்கோம். போன வருஷம் நட்டதில் ஒண்ணு ரெண்டுதான் மிச்சம். எந்தக் கன்று வாங்கினால் பிழைக்கும்?

தம்பி, கன்று மேல் பழி போடாதீர்கள். ஜூன் 5 உலகத்துக்கே பொதுவான தேதி, நம் மண்ணுக்கு அது தெரியாது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கேரளத்தின் மற்ற பக்கமெல்லாம் கொட்டும்போது நம் கிழக்கு ஓரத்துக்கு வருவது பாதி தூறல், மீதி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, ஆனி ஆடி முழுக்க அதன் வழியாக வருகிற காற்று இளங்கன்றின் இலையில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஆகவே தேதியை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். மம்பட்டியால் ஒரு முழம் தோண்டி, அடியில் இருக்கிற மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஜூனிலேயே அந்த ஈரம் இறங்கிவிட்டால் தாராளமாக நடலாம், இரண்டு மழையும் கன்றுக்குக் கிடைக்கும். இறங்கவில்லை என்றால் ஐப்பசி வரைக்கும், அதாவது துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை வரைக்கும் பொறுங்கள். ஆனால் ஐப்பசியில் நட்டால் கன்றுக்குக் கிடைப்பது இரண்டு மாத ஈரம்தான், மார்கழி பிறந்ததும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று, அப்புறம் மாசி, பங்குனி, சித்திரை.

நூறு வேண்டாம். மன்றத்தில் 12 பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு என்று 24 வாங்குங்கள், எந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் என்று முதலிலேயே எழுதி ஒட்டுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். வாரம் இரண்டு தடவை ஒரு குடம், நிதானமாக, மண் குடிக்கக் குடிக்க ஊற்ற வேண்டும். இரண்டு கோடை இப்படிப் பார்த்தால் போதும், மூன்றாவதை அதுவே பார்த்துக்கொள்ளும். எந்த மரம் என்று கேட்டீர்கள்: புங்கன், வேம்பு, நாவல், வாகை, இலுப்பை. வாய்க்கால் ஓரம் என்றால் நீர்மருது.

நல்லேப்பிள்ளி, ஆசிரியை: பள்ளியில் வைத்த மரம் ஆறு வருஷம் நன்றாக நின்று, ஒரே காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. ஏன்?

டீச்சர், சாய்ந்த மரத்தின் தூரைப் பார்த்தீர்களா? வேர் பந்தாகச் சுருண்டிருந்தால் காரணம் நட்ட அன்றைக்கே உண்டானது. கன்று பையிலேயே அதிக நாள் கிடந்தால் வேர் போக இடமில்லாமல் உள்ளேயே வட்டம் சுற்றும். அப்படியே இறக்கி வைத்தால் குழிக்குள் போன பிறகும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், வெளி மண்ணைப் பிடிக்காது. இனிமேல் பையைக் கிழித்ததும் அடியைப் பாருங்கள். சுருள் இருந்தால் அடியில் ஒரு விரற்கடை அளவு மண்ணோடு சேர்த்துக் கத்தியால் சீவிவிட்டு, பக்கத்தில் மூன்று நான்கு இடத்தில் மேலிருந்து கீழாக லேசாகக் கீறி நடுங்கள். வேரை வெட்டுகிறோமே என்று பயப்பட வேண்டாம், புது வேர் அங்கிருந்துதான் வெளியே ஓடும்.

குழி 2 அடிக்கு 2 அடி. நம் ஊரில் தேங்காய் மட்டைக்குப் பஞ்சமில்லை, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி அடியில் ஒரு வரிசை புதைத்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊன்றுகோலில் கட்டும் கயிறு தளர்வாக இருக்கட்டும். ஒரு வருஷத்தில் கோலைப் பிடுங்கிவிடுங்கள், காற்றில் ஆடினால்தான் தண்டு தடிக்கும்.

எருத்தேம்பதி: ஆடு எதையும் விட்டு வைப்பதில்லைங்க. கம்பி வலை போடக் காசு இல்லை.

போத்து நடுங்கள். ஆலமரத்திலோ பூவரசிலோ மணிக்கட்டு தடிமனுக்கு, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கிளை வெட்டி, இலையெல்லாம் கழித்து, இரண்டு நாள் நிழலில் போட்டு, மேல் நுனியில் சாணி உருண்டை அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி மண்ணை நன்றாகக் கிட்டித்துவிடுங்கள். துளிர் வருவதே ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் வரும். தண்டைச் சுற்றி இலந்தை முள் கட்டினால் போதும். பாட்டன் காலத்துச் சாலை ஓரத்து ஆலமரம் பலதும் இப்படி வந்ததுதான்.

கொழிஞ்சாம்பாறை: பனங்கன்று விற்பீர்களா அண்ணா? ஐம்பது வேண்டும்.

விற்பதில்லை. பனை, முளைத்ததும் முதலில் கீழே போகும், இரண்டு மூன்று அடி இறங்கிய பிறகுதான் மேலே இலை காட்டும். பையில் வளர்த்தால் அந்த முளை முட்டி மடங்கிவிடும். ஆவணி, புரட்டாசியில் பழம் விழுகிறபோது கொட்டையைப் பொறுக்கி, நிற்க வேண்டிய இடத்திலேயே அரை அடி ஆழத்தில் போட்டு மூடுங்கள், செலவே இல்லை. ஒரே தொல்லை, தை மாதம் யாராவது கிழங்குக்காகத் தோண்டிவிடுவார்கள்! காய்க்கப் பதினைந்து வருஷம் போல ஆகும், ஆண் எது பெண் எது என்பதும் பாளை வந்தால்தான் தெரியும். கள்ளுக்குப் பேர் போன தாலுகாவில் பனை வைக்க நாற்றுப்பண்ணைக்காரன் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

கோவிந்தாபுரம், கல்லூரி மாணவி: நான் ஒரு மரம் நட்டால் என் வண்டிப் புகைக்கு ஈடாகுமா அண்ணா?

ஆகாதும்மா. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியே வரும். தினம் ஒரு லிட்டர் என்றால் வருஷத்துக்கு 840 கிலோ. நன்கு வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்கு 20 கிலோ சுமாருக்கு இழுக்கும் என்று பொதுவாக ஒரு கணக்குச் சொல்வார்கள், இனத்தையும் இடத்தையும் பொறுத்து மாறும். அந்தக் கணக்குப்படியே நாற்பது மரத்துக்கு மேல் வேண்டும், அதுவும் வளர்ந்த மரம், நேற்று நட்ட குச்சி இல்லை. தொழிற்காலத்துக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்றைக்கு 420ஐத் தாண்டிவிட்டது, அதை நம் தாலுகாவில் மரம் நட்டு இறக்க முடியாது. பஸ்ஸில் போங்கள், அது உடனே பலன் தரும்.

அப்படியானால் எதற்கு மரம் என்பீர்கள். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டுக்கு வெப்ப அலை எச்சரிக்கை கொடுத்தார்களே, அந்த வாரம் மதியம் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களைக் கேளுங்கள், மரம் எதற்கென்று சொல்வார்கள். மலையடிவாரத்தில் ஆயிரம் கன்று நடுவதைவிட, பஸ் ஸ்டாப், அங்கன்வாடி, களத்துமேடு, வேலையாட்கள் சோறு உண்கிற இடம் என்று ஆள் நிற்கும் இடத்தில் பத்து புங்கனை ஆளாக்குவது மேல் என்பது என் கட்சி.

பொள்ளாச்சி: வேப்பமரமெல்லாம் நுனியிலிருந்து கருகுது. வெட்டிடலாமா?

வெட்டாதீங்கம்மா. அது நுனிக்கருகல், ஒருவகைப் பூசணம், கூடவே தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலம் முடிகிறபோது பார்த்தால் மரமே செத்தது போல இருக்கும், ஆனால் பெரும்பாலான மரங்கள் கோடையில் மறுபடி துளிர்க்கும். கைக்கு எட்டுகிற காய்ந்த கிளைகளை மட்டும் கழித்து எரித்துவிடுங்கள்.

முதலமடை: புறம்போக்கு இரண்டு ஏக்கரில் மியாவாக்கி காடு போடலாமா சார்?

இரண்டு ஏக்கருக்கு வேண்டாம். அகிரா மியாவாக்கி என்ற ஜப்பானியத் தாவரவியலாளர் சொன்ன முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று வரும், அந்தக் கணக்கில் இரண்டு ஏக்கருக்கு இருபத்து நான்காயிரம் கன்றுக்கு மேல். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் அதற்கு யார் ஊற்றுவது? கேரள அரசின் ஹரித கேரளம் மிஷன் நடத்தும் பச்சைத்துருத்து திட்டத்தில் அரை சென்ட் இருந்தாலே குறுங்காடு போடலாம், பள்ளி மூலையில் அப்படி ஆரம்பியுங்கள். அப்புறம் அந்தப் புறம்போக்கில் இப்போது என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். புல்லும் புதருமாக மயிலும் முயலும் இருந்தால் அது வெறும் நிலம் இல்லை.

சீக்கிரம் வளர மஞ்சள் கொன்னை வைக்கலாமா? (மூன்று பேர் கேட்டது)

வேண்டவே வேண்டாம். அது நம் சரக்கொன்றை இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்த மரம். வயநாட்டுக் காட்டில் அது பரவி, பிடுங்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

வண்ணாமடை, விவசாயி: தோப்பைச் சுற்றி மரம் வைத்தால் போர்வெல்லில் தண்ணீர் ஏறுமா?

நேராக ஏறாதுங்க. மரமும் தண்ணீர் குடிக்கிற உயிர்தான். அதன் சருகும் வேரும் மழையை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கும், அதுதான் லாபம். ஆனால் ஏரி குளம் தூர்ந்து கிடந்தால் மரம் மட்டும் காப்பாற்றாது. குடிக்கிற அளவையும் குறைக்க வேண்டும், நிலத்தடித் தண்ணீருக்காகப் பெருமாட்டி பஞ்சாயத்துப் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலையை எதிர்த்து எத்தனை வருஷம் போராட்டம் நடந்தது என்று நம் தாலுகாக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வரப்பில் வைப்பதாக இருந்தால் வேலியாகக் கிளுவை, நடுநடுவே புங்கன். தைலமரம் மட்டும் கிணற்றுப் பக்கம் வேண்டாம்.

மீனாட்சிபுரம்: சாலை அகலப்படுத்த எங்கள் ஊர் ஆலமரத்தை வெட்டப் போகிறார்களாம். மலையாளம் எழுதத் தெரியாது, தமிழில் மனு கொடுத்தால் வாங்குவார்களா?

வாங்க வேண்டும். கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும் என்று இருக்கிறது. மனுவில் அழுகை வேண்டாம், விவரம் வேண்டும்: சர்வே எண், சாலை நடுக்கோட்டிலிருந்து மரம் எத்தனை மீட்டர், தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர், நான்கு திசையிலிருந்தும் படம். மரத்தை விட்டு வளைத்துப் போட எதிர்ப்பக்கம் இடம் இருந்தால் அதையும் வரைந்து காட்டுங்கள். நகலில் தேதியோடு ரசீது முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.