ஓவியம்: கேள்வி பதில்

கேள்வி: டச்சு ஓவியர் வெர்மீரின் 'முத்துக் காதணி அணிந்த பெண்' ஓவியத்தைப் பார்த்து ஆயில் பெயின்டில் முகம் வரையப் பழகுகிறேன். வெளிச்சப் பக்கம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுக்கிறது, நிழல் சேறாகிறது. ஏன்?
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஒளி எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று தீர்மானிக்கும் முன்பே தோல் நிறத்தைத் தேடுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. முதலில் நிறத்தையே மறந்துவிடுங்கள்.

மூல ஓவியம் சிறியது: 44.5 × 39 செ.மீ. அதே அளவில் ஓர் அச்சும் ஒரு கேன்வாஸும் எடுத்துக்கொள்ளுங்கள். ரா அம்பர் என்ற மண் பழுப்பை, பெயின்டைக் கரைக்கும் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸில் பூசித் துணியால் துடைத்தால் வெளிர் பழுப்புத் தளம் கிடைக்கும். அது காய்ந்ததும் அச்சின் பின்பக்கம் கரி தேய்த்து, கோடுகளை அதன்மேல் இறக்கி, பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பு ஒன்றை மட்டும் வைத்து நிழல்களை நிரப்புங்கள். கண்ணை இடுக்கிப் பாருங்கள்: நமக்கு வலப்பக்கமுள்ள கன்னத்தின் ஓரம், தாடை, கழுத்து எல்லாம் ஒரே நிழலாகச் சேரும். மூக்குத் தண்டுக்கும் அதற்கு அப்பால் நமக்கு இடப்பக்கமுள்ள கன்னத்துக்கும் நடுவே கோடே இருக்காது. பழகுபவர்கள் அங்கே கோடு இழுத்துவிடுகிறார்கள். முகத்தின் மென்மை அந்த இடத்திலேயே போய்விடுகிறது. இந்த ஓவியத்தைப் பார்த்து வரைவதில் கற்க வேண்டிய முக்கியமான பாடம் இதுதான்.

இந்த அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே நிறம். வெளிச்சத்துக்கு வெள்ளை 4 பங்கு, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) 1 பங்கு, வெர்மிலியன் (பளிச்சென்ற சிவப்பு) கால் பங்கு என்று தொடங்கி, அச்சோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். நிழலுக்கு ரா அம்பர், ஓக்கர், சிறிது அலிஸரின் (அடர் சிவப்பு) போதும். வெள்ளை கூடவே கூடாது. வெர்மீர் கையாண்டது ஈய வெள்ளை. அது நஞ்சு என்பதால் நாம் டைட்டானியம் வெள்ளைக்குப் போகிறோம். ஆனால் இதன் வீரியம் மிக அதிகம், சற்றுக் கூடினாலும் தோல் வெளுத்துவிடும். ஒளிக்கு ஒரு பிரஷ், நிழலுக்கு ஒரு பிரஷ். இடைநிறத்தை வண்ணத் தட்டிலேயே கலந்து வைத்து, ஓரத்தை உலர்ந்த பிரஷால் இரண்டு மூன்று முறை வருடினால் போதும். அதற்குமேல் தேய்த்தால் சேறுதான்.

முத்துக்கு வட்டம் போடாதீர்கள். மேலே இடப்புறம் தடித்த ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே வெள்ளைக் காலரின் மங்கிய பிரதிபலிப்பு, அவ்வளவுதான். பின்னணி இன்று கருப்பாகத் தெரிந்தாலும் முதலில் அங்கே பச்சைத் திரை இருந்திருக்கிறது. 2018-இல் தொடங்கிய ஆய்வில் அதன் மடிப்புகள் தெரியவந்தன. விரும்பினால் காய்ந்த கருப்பின் மேல் மெல்லிய பச்சையை ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் மழைக்காலத்தில் ஆயில் பெயின்டின் அடி அடுக்கு பத்து நாளாகியும் ஒட்டுகிறது. மேலே தீட்டலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது. எண்ணெய் ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று இறுகுகிறது. குளிரும் வெளிச்சக் குறைவும் அதைத் தாமதப்படுத்தும். ஐவரி பிளாக் என்ற கருப்பு, அலிஸரின் இரண்டும் இயல்பாகவே மெதுவாகக் காய்பவை. அம்பர் விரைவில் காயும். எனவே அடி அடுக்கில் கருப்புக்குப் பதில் அம்பர் வைத்து, ஆளி விதை எண்ணெய் சேர்க்காமல் டர்பன்டைனில் மட்டும் கரையுங்கள். நடு அடுக்குக்கு டியூபில் வருவதே போதும். எண்ணெய் கடைசி அடுக்கில்தான். இந்த வரிசை மாறினால், அடியில் இன்னும் இறுகிக்கொண்டிருக்கும் எண்ணெய் அசைய, மேல் அடுக்கில் விரிசல் விழும்.

கேன்வாஸை ஈரச் சுவரில் சாய்க்காமல் காற்றோட்டமாக வையுங்கள், இல்லாவிட்டால் பின்புறம் பூஞ்சை பிடிக்கும். எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைக்கவே வேண்டாம். அவை தாமாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியவை. தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள்.