வெள்ளைப் பூச்சு விண்வெளியில் பழுப்பாவது ஏன்? சுங்கை சிப்புட் கேள்வி பதில்

கப்சாய் ஓட்டும் தம்பி: அண்ணே, என் மோட்டார் ஹெட்லைட் வெயிலில் மஞ்சளாகிவிட்டது. விண்கலத்திலும் இப்படித்தானா?

இதைவிட மோசம் தம்பி. புற ஊதாக் கதிர், எலக்ட்ரான், புரோட்டான் எல்லாம் சேர்ந்து பூச்சின் பிணைப்புகளை அறுக்கின்றன. அப்புறம் அது நீல ஒளியை விழுங்கத் தொடங்கும், மஞ்சளாகி, பழுப்பேறும். என் கவலை நிறமில்லை, சூடு. அங்கே ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் 1,361 வாட். புது வெள்ளைப் பூச்சு அதில் ஏறக்குறைய 15 சதவீதத்தை உறிஞ்சும். அது 30 ஆனால் சதுர மீட்டருக்கு 200 வாட் கூடுதல். ஆனால் கண்ணை மட்டும் நம்பாதே. காரணம் கடைசியில் வரும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: முன்பக்கம்தானே அதிகம் அடிபடும்? அதுதான் முதலில் கெடும்.

நேர்மாறு சார். 1984 ஏப்ரலில் சேலஞ்சர் விண்ணோடம் விட்டுவந்த எல்.டி.இ.எஃப். சோதனைக் கலத்தை 1990 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் திரும்பக் கொண்டுவந்தது. அதிலிருந்த ஏ-276 பாலியூரித்தேன் பெயிண்ட் பின்பக்கம் பழுப்பு, முன்பக்கம் வெள்ளை! அது சுற்றிய தாழ்ந்த உயரத்தில் தனி ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. பறக்கும் திசையை நோக்கிய முன்பக்கத்தில் அவை நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் மோதி, பழுத்த மேல்தோலை அரித்துக்கொண்டே இருந்தன. தம்பி பேஸ்ட் போட்டு ஹெட்லைட்டைத் தேய்ப்பதுபோல.

அதே ஆசிரியர்: அப்படியானால் ஆக்சிஜன் நல்லதுதானே?

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். பழுப்போடு, நிறமியைப் பிடித்திருக்கும் பசையையும் தின்றுவிடும். நிறமி சுண்ணாம்புபோல் கையில் ஒட்டும். காப்டன் என்ற பிளாஸ்டிக் படலமும் அப்படித்தான் மெலிந்தது. தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் 36,000 கி.மீ. உயரத்தில் துடைக்க ஆக்சிஜனே இல்லை, பழுப்பு அப்படியே தங்கும். துத்தநாக ஆக்சைடைப் பொட்டாசியம் சிலிக்கேட்டில் குழைத்த இசட்-93 பூச்சோ அதே எல்.டி.இ.எஃப். கலத்தில் கிட்டத்தட்ட மாறாமல் வந்தது. பழுப்பதற்குக் கரிமப் பசையே அதில் இல்லை.

லயத்து அக்கா: சோலார் பேனல் கண்ணாடியும் கறுக்குமா?

விண்வெளியில் சாதாரணக் கண்ணாடி கறுக்கும். அதனால் சீரியம் என்ற தனிமத்தைக் கலப்பார்கள். உங்கள் கூரைப் பேனலுக்கு இந்தப் பயம் வேண்டாம் அக்கா.

மூன்று பேர்: கைப்பேசிக் கதிரும் இதுதானா?

இல்லை. மூன்றாவது முறையும் சொல்கிறேன், இல்லை. பிணைப்பை அறுக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

பல்கலைக்கழகத் தங்கை: பூச்சு மாதிரிக்கு வெற்றிட அறையில் கதிர் பாய்ச்சி, வெளியே எடுத்து அளக்கலாமா?

கூடவே கூடாது. துத்தநாக ஆக்சைடில் சேதம் பெரும்பாலும் அகச்சிவப்பில்தான்; பார்த்தால் வெள்ளையாகவே இருக்கும். காற்றுப் பட்டதும் அந்தச் சேதமும் மறையத் தொடங்கும். நான் ஒருமுறை அவசரப்பட்டு வெற்றிட அறையைத் திறந்து ஒரு வார உழைப்பை இழந்தேன். வெற்றிடத்துக்குள் வைத்தே அளந்துவிடும்மா.